சங்கைக் கேட்கிறவர்கள்

"பைத்தியங்கள் எல்லா தேசத்திலும் உண்டு; ஆனால் அமெரிக்காவில் இருக்கிற தினுசு வேறெங்கும் கிடையாது" என்று ஆரம்பித்தார் நண்பர். அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தால் சபையும் சிரிக்கத் தயாராகிவிடும். நாலு புத்தகம் எழுதியவர். நாற்பது புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதியவர். அன்றைக்கு அவர் கையில் அகப்பட்டவர்கள், அபாயச் சங்கின் சத்தத்தைப் பதிவு செய்து சேர்த்துவைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட சிலர். அதிலும் நிஜமான அபாயத்தின்போது ஊதுகிற சங்கல்ல. மாதத்துக்கு ஒரு தரம், யந்திரம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஊதிப் பார்ப்பார்களே, அந்தச் சோதனைச் சத்தம்! "இதற்காக நூறு மைல் கார் ஓட்டிப் போகிறான் ஐயா. போய்க் கம்பத்தடியில் நிற்கிறான். சாப்பாட்டுக் கவலை இல்லாதவனுக்கு வருகிற நோய் இது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அந்தச் சிரிப்பு கசந்தது.

பேச்சில் தோற்று எழுத்தில் பதில் சொல்கிற ரகம் நான். அன்று சொல்லத் தோன்றாததை இப்போது சொல்கிறேன்.

முதலில் அந்தப் பைத்தியங்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவின் நடுப் பிரதேசங்களில் சுழற்காற்று வரும். சில நிமிஷங்களில் ஒரு தெருவையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். அதற்காக ஊருக்கு ஊர் உயரமான கம்பங்களின் மேல் சைரன்களை வைத்திருக்கிறார்கள். மினசோட்டாவில் மாதத்தின் முதல் புதன்கிழமை பகல் ஒரு மணிக்குச் சோதனை. இல்லினாயில் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. ஹவாய்த் தீவுகளில் மாதத்தின் முதல் வேலை நாளன்று, பகல் பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னால். இப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முறை.

நம்முடைய பைத்தியக்காரன், பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயதுப் பையன், அரைமணி முன்னதாகவே போய் நிற்பான். காது அடைப்பான் மாட்டிக்கொள்வான். காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று பார்ப்பான். கம்பத்துக்கு மிக அருகே நின்றால் ஒலிவாங்கி திணறிச் சத்தம் உடைந்துபோகும். தள்ளி நின்றால் லாரிச் சத்தம் புகுந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கண்டுபிடிக்க வேண்டும். சோதனை ஒரு நிமிஷம், சில ஊர்களில் மூன்று நிமிஷம். ஒரே வேளையில் எல்லாச் சங்கும் ஊதுவதால் ஒரு மாதத்துக்கு ஒரு சங்குதான் கிடைக்கும். வானம் கறுத்துவிட்டால் சோதனையை நிறுத்திவிடுவார்கள். ஜனங்கள் நிஜமென்று நினைத்துக்கொள்ளக்கூடாதல்லவா? அப்புறம் அடுத்த மாதம்தான். பதிவு செய்ததும் யந்திரத்தின் பெயர், தயாரித்தவர், எந்தக் காலத்து மாதிரி, சுழல்கிறதா நிலையாக நிற்கிறதா என்று குறித்துக்கொள்வான். சம்பளம் கிடையாது. கைதட்ட ஆளும் கிடையாது.

அந்த யந்திரமும் அப்படியொன்றும் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. ஜன்னல்கள் வெட்டிய உருளை ஒன்றுக்குள் காற்றை வீசும் சக்கரம் ஒன்று சுழல்கிறது. காற்று வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு வெளியேறும்போது அதுவே நாதமாகிறது. நாக்கு இல்லை, தோல் இல்லை, தந்தி இல்லை. 1819ல் காக்னியார் த லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர் இதைச் செம்மைப்படுத்தி, தண்ணீருக்குள்ளும் பாடுகிறதே என்று கிரேக்கக் கதையில் மாலுமிகளை மயக்கிய கடல் மோகினிகளின் பெயரைச் சூட்டினார். அபாயத்தைப் பற்றி எச்சரிக்கிற கருவிக்கு அபாயத்துக்குள் இழுத்துக்கொண்டு போகிறவளின் பெயர்! நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றுகிற சக்கரத்தின் ஒரு பக்கத்தில் பத்து ஜன்னலும் மறுபக்கத்தில் பன்னிரண்டு ஜன்னலும் இருந்தால், ஒன்றில் வினாடிக்கு ஐந்நூறு அதிர்வு, மற்றதில் அறுநூறு. நம் சங்கீதக்காரர்களைக் கேட்டால் ஷட்ஜமும் சாதாரண காந்தாரமும் என்பார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் லண்டன் நகரத்தை ராத்திரி ராத்திரியாக எழுப்பிய அழுகை அதுதான். எட்டும் பன்னிரண்டுமாக வைத்தால் ஷட்ஜமும் பஞ்சமமும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சக்கரம் உடனே நிற்காது. சுருதி மெல்ல மெல்ல இறங்கி, உறுமி, மூச்சுவிட்டு அடங்கும். பதிவுக்காரர்கள் உயிரை விடுவது இந்த இறக்கத்துக்குத்தான். ஒரு கச்சேரி ரசிகரிடம் இந்த அளவு நுணுக்கமான காது இருந்தால் அவரை ரசிகசிகாமணி என்போம்.

1950களில் கிரைஸ்லர் கம்பெனி ஒரு சங்கு செய்தது. எட்டு சிலிண்டர் மோட்டார் எஞ்சின், 180 குதிரைச் சக்தி. நூறடி தூரத்தில் 138 டெசிபல். ஒரு யானை அளவு கனம். அணுகுண்டு வருகிறதென்று ஊருக்குச் சொல்வதற்காகச் செய்தது. இன்றைக்கு மிச்சமிருப்பவை சொற்பம். இப்படிப்பட்ட பழைய சங்குகளைத் துரு சுரண்டி, எண்ணெய் போட்டு, உயிரோடு வைத்திருப்பவர்களில் இந்தப் பைத்தியங்களும் உண்டு.

"சரி, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" இதுதான் நண்பருடைய முதல் கேள்வி. கதை எழுதுகிற ஒருவன் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்று நான் திருப்பிக் கேட்கலாம். அது சாமர்த்தியமான பதிலாக இருக்குமே தவிர நேர்மையான பதிலாக இராது. ஆகவே என் அனுபவத்தையே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் நகராட்சிச் சங்கு ஒன்று இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேலே, புறாக்களுக்கு நடுவே. காலை ஐந்து, ஒன்பது, பகல் பன்னிரண்டு, இரவு எட்டு. என் தாத்தா தம் கைக்கடிகாரத்தை அதைக் கேட்டுத்தான் திருத்துவார். சங்கு ஊதி நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்; சங்கு ஊதி அடுப்பை அணைத்தார்கள்; எட்டு மணிச் சங்குக்குப் பிறகும் தெருவில் நின்றால் முதுகில் விழும். எப்போது அது நின்றது என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நாவலில் அந்தச் சங்கு ஊதுகிற கட்டம் வந்தது. எழுத உட்கார்ந்தேன். சத்தம் வரவில்லை. நேரம் நினைவிருக்கிறது, புறாக்கள் நினைவிருக்கின்றன, தாத்தா கடிகாரத்தின் முள்ளைத் திருகுகிற விரல்கூட நினைவிருக்கிறது. சத்தம் எங்கேயோ போய்விட்டது. டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து இன்றைய கைப்பேசி வரை வீட்டுக்கு வீடு பதிவுக் கருவிகள் வந்து போயிருக்கின்றன. கல்யாணத்தைப் பதிவு செய்தோம், காதுகுத்தைப் பதிவு செய்தோம். ஓர் ஊரே ஒரு நாளைக்கு நாலு வேளை கேட்ட சத்தத்தை ஒருவரும் பதிவு செய்யவில்லை. நகராட்சியில் விசாரித்தபோது, "இரும்பு வியாபாரிக்குப் போட்டாயிற்று" என்று பதில் வந்தது. நாவலில் 'சங்கு ஊதியது' என்று இரண்டே வார்த்தை எழுதித் தாண்டிவிட்டேன். படித்தவர் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இடம் ஓட்டை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு பைத்தியம் பிறந்திருந்தால் நான் அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன்.

இரண்டாவது ஆட்சேபணை சற்றுக் கௌரவமானது. பயத்தை விளையாட்டாக்குகிறார்கள் என்பது. குண்டுக்கும் புயலுக்கும் ஊதுகிற சங்கை வைத்துக்கொண்டு ராகம் ரசிக்கலாமா? தவறு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்தச் சங்கோடு முதலில் விளையாடியவர்கள் யார்? 1950களின் நடுவில் அமெரிக்க சர்க்கார் வருஷத்துக்கு ஒரு நாள் நாடு முழுவதும் ஒத்திகை நடத்தியது. சங்கு ஊதினால் ஜனங்கள் தெருவை விட்டு ஒதுங்க வேண்டும். அணுகுண்டுக்கு எதிரே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் போதும் என்று நம்பச் சொன்ன நாடகம் அது. 1955 ஜூன் மாதம் நியூயார்க்கில் டாரதி டே என்ற அம்மாளும் சிலரும், சங்கு ஊதியபோது பூங்காவில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மறுத்துக் கைதானார்கள். அடுத்தடுத்த வருஷங்களிலும் அந்த அம்மாள் உட்கார்ந்தார், சிறைக்கும் போனார். சங்கைக் காது கொடுத்துக் கேட்டவர் அவர். அது பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்ததற்குக் காரணமே அதுதான்.

1959 செப்டம்பர் 22ல் சிகாகோவில் நடந்தது இன்னும் விசேஷம். அந்த ஊர்ப் பந்தாட்டக் கோஷ்டி நாற்பது வருஷம் கழித்து ஜெயித்துவிட்டது. தீயணைப்புப் படைத் தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ராத்திரி பத்தரை மணிக்கு நகரத்தின் அபாயச் சங்குகள் அத்தனையையும் ஊதச் சொல்லிவிட்டார். ருஷ்யாக்காரன் குண்டு போட வந்துவிட்டான் என்று குழந்தைகளை வாரியெடுத்துக்கொண்டு நிலவறைக்கு ஓடினவர்கள் எத்தனையோ பேர். கம்பத்தடியில் ஒலிவாங்கியோடு நிற்கிற பையனா பயத்தை விளையாட்டாக்கினவன்? 2017 ஏப்ரலில் டல்லஸ் நகரத்தில் நடுநிசிக்குச் சற்று முன்பு 156 சங்குகளும் திடீரென்று ஊதத் தொடங்கின. யாரோ ஒரு போக்கிரி வானொலி சமிக்ஞையால் செய்த காரியம். ஒன்றரை மணி நேரம் விட்டுவிட்டு ஊதின. அதிகாரிகளுக்கு அதை நிறுத்த வழி தெரியவில்லை. கடைசியில் அமைப்பையே துண்டித்தார்கள். தங்கள் சங்கைத் தாங்களே அறியாதவர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. என் ஆத்திரத்துக்கு வேறு காரணம் இருக்கிறது.

ஹவாயில் சுமார் நானூறு சங்குகள் இருக்கின்றன. அவற்றில் எண்பது மவுயித் தீவில். மாதாமாதம் தவறாமல் சோதனை. 2023 ஆகஸ்டு முதல் தேதி செவ்வாய்க்கிழமை. வழக்கப்படி அன்று சோதனை நாள். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 8ம் தேதி, லஹைனா நகரம் தீப்பிடித்து எரிந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். சிலர் கடலில் குதித்துத் தப்பினார்கள். அன்று ஒரு சங்குகூட ஊதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, சங்கு என்றால் ஜனங்கள் சுனாமி என்று நினைத்து மலைப் பக்கம், அதாவது நெருப்பை நோக்கியே ஓடியிருப்பார்கள் என்று சொன்னார் அந்தத் தீவின் நெருக்கடி நிர்வாகத் தலைவர். ஊதாததற்கு வருத்தமில்லை என்றும் சொன்னார். மறுநாள் ராஜினாமா செய்தார். காட்டுத் தீக்கும் அந்தச் சங்கு உண்டு என்று ராஜ்ய சர்க்காரே அறிவித்திருந்தது. வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை யந்திரத்தைச் சோதித்தவர்கள், அதை ஊதவேண்டிய மனிதனின் மனத்தை ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை.

செயின்ட் லூயிஸ் நகரத்தில் 2025 மே 16ம் தேதி சுழற்காற்று வந்தது. சங்குக்குப் பொறுப்பானவர்கள் வேறோர் இடத்தில் பயிற்சி வகுப்பில் இருந்தார்கள். தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னது சரியாகச் சொல்லப்படவில்லை. பொத்தானை யார் அமுக்குவது? சங்கு ஊதவில்லை. ஊருக்குள் நாலு பேர் மாண்டார்கள்.

ஊதினால் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜாப்ளின் என்ற ஊரில் 2011 மே 22ம் தேதி சாயங்காலம் ஐந்து மணி பதினோரு நிமிஷத்துக்கு ஊதியது. ஐந்து முப்பத்தெட்டுக்கு மறுபடியும் ஊதியது. பெரும்பாலோர் முதல் சங்குக்கு அசையவில்லை. வானிலை இலாகா பிறகு விசாரித்து எழுதிய அறிக்கையில், சங்கை அடிக்கடி கேட்டுக் கேட்டு ஜனங்களுக்கு அது மரத்துப்போயிருந்தது என்று சொன்னார்கள். நூற்றைம்பது பேருக்கு மேல் பலி. செவிடன் காதில் ஊதின சங்கு என்று நம்மில் சொல்வார்கள். அந்த ஊர் ஜனங்களுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. கேட்டதைக் கவனிக்கிற பழக்கம்தான் போய்விட்டிருந்தது.

டெக்ஸஸ் ராஜ்யத்தில் குவாடலூப் ஆற்றங்கரையில் கம்ஃபர்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே தொண்டர் தீயணைப்புப் படையார் வெள்ளச் சங்கு வைத்து, தினந்தோறும் நடுப்பகலில் ஊதி, பகல் பன்னிரண்டு மணி தவிர வேறு எந்த வேளையில் ஊதினாலும் விசாரியுங்கள் என்று ஜனங்களைப் பழக்கினார்கள். 2025 ஜூலை 4ம் தேதி ஆறு பெருகிவந்தது. சங்கு வேறு வேளையில் ஊதியது. ஜனங்கள் எழுந்து போனார்கள். அந்த ஊரில் சாவு இல்லை. அதே ஆற்றில் மேலே கெர் மாவட்டத்தில், செலவாகும் என்று வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டே சங்கு வைக்காமல் இருந்தார்கள். அங்கே மட்டும் நூறு பேருக்கு மேல். முகாமுக்கு வந்திருந்த சிறு பெண்களும் அதில் உண்டு.

இதில் நம்முடைய பைத்தியம் எங்கே வருகிறான் என்று கேட்பீர்கள். கம்பத்தடியில்தான் வருகிறான். சக்கரத்தின் உராய்வு போன மாதத்தை விட அதிகம், சுருதி அரை ஸ்தாயி ஏறாமலே நின்றுவிட்டது, தலை சுழல வேண்டியது சுழலாமல் ஒரே திசையில் ஊதுகிறது, இதெல்லாம் ஊரில் யாருக்குத் தெரியும்? அலுவலகத்தில் பொத்தானை அமுக்கிவிட்டு 'சோதனை முடிந்தது' என்று கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாது. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்கிற தூரத்தில்கூட இருக்கமாட்டார். ஊதுகிற சங்கை ஊதிவைத்தால் விடிகிறபோது விடியட்டும் என்பது அவருடைய சித்தாந்தம். போன மாதப் பதிவையும் இந்த மாதப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிற பையன் ஒருவனுக்குத்தான் தெரியும். சோதனை என்ற வார்த்தைக்கு அர்த்தம் கொடுக்கிறவனே அவன்தான். சோதிப்பதாகச் சொல்கிறவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சடங்கு செய்கிறார்கள்; பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்கிறவன் சோதிக்கிறான். நண்பர் சிரிக்க வேண்டிய இடம் இதுவல்லவா?

அவர்கள்மேல் எனக்கும் ஒரு கோபம் உண்டு. அதை மறைப்பது அழகல்ல. அவர்களில் சிலருக்குச் சுத்தமான பதிவு வேண்டுமாம். நாய் ஊளையிட்டால் கெட்டுவிட்டது, எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்தினால் கெட்டுவிட்டது, நடுவில் குழந்தை அழுதால் அடியோடு வீண். சங்கு யாருக்காக ஊதுகிறதோ அவர்களை எல்லாம் விலக்கிவிட்டுச் சங்கை மட்டும் வைத்துக்கொள்வது என்ன ரசனை? என்னிடம் கொடுத்தால் அந்த நாயைத்தான் நான் பத்திரப்படுத்துவேன். பழைய யந்திரத்தை எடுத்துவிட்டுப் புதிய ஒலிபெருக்கிச் சங்கு வைக்கும்போது சிலர் ஊரே செத்துப்போன மாதிரி துக்கம் கொண்டாடுவதும் எனக்கு ஒப்பவில்லை. புதியது நன்றாகக் கேட்குமானால் பழையதை வீட்டுக் கொல்லையில் வைத்துக் கொஞ்சலாமே! ஆனாலும் இவை கேட்கத் தெரிந்தவர்களின் குற்றங்கள். கேட்காதவர்களின் குற்றத்தோடு இவற்றை ஒரே தராசில் வைக்க நான் தயாராக இல்லை.

நம்மைப் பற்றிப் பேசாமல் அமெரிக்காவையே பேசுகிறானே என்று தோன்றலாம். 1984 டிசம்பர் 2ம் தேதி ராத்திரி போபாலில் விஷவாயு கசிந்தபோது, ஊருக்குக் கேட்கும்படியான ஆலைச் சங்கைக் கொஞ்ச நேரம் ஊதிவிட்டு நிறுத்திவிட்டார்கள். பொதுஜனங்கள் வீணாகப் பதறக்கூடாதாம். பிறகு அது மறுபடி முழங்கியபோது ஜனங்கள் தெருத்தெருவாக விழுந்து கிடந்தார்கள். 2004 டிசம்பர் 26ம் தேதி நாகப்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ எச்சரிக்கச் சங்கே இல்லை. 2025 மே 7ம் தேதி தேசமெங்கும் யுத்த ஒத்திகை நடந்தபோது கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடத்தினார்கள். நம் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், கைப்பேசியில் படம் பிடித்தார்கள். அந்தப் படங்களில் எத்தனை பேர் சங்கைக் கேட்டிருப்பார்கள், எத்தனை பேர் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று யோசித்தால் நண்பரின் சிரிப்பு எனக்கும் வருகிறது, வேறு திசையில்.

சென்ற வாரம் அவரை மறுபடி பார்த்தேன். மில் ஊர்க்காரர் அவர். "உம்முடைய ஊரில் சங்கு உண்டல்லவா?" என்று கேட்டேன்.

"இல்லாமல் என்ன? ஷிப்டுக்கு ஷிப்டு ஊதும். அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்."

"எப்படி இருக்கும்?"

இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். பிறகு உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார். பாதியில் நிறுத்தினார். "இல்லை, இப்படியில்லை. இன்னும் கீழே ஆரம்பிக்கும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஊதிப் பார்த்தார்.